முன் சீட்டில் உட்காருகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாற்றுத்திறனாளிகளையும் மற்றவர்களையும் சேர்த்துச் சாகசப் பயணம் கூட்டிப்போகிற அட்வென்ச்சர்ஸ் பியாண்ட் பேரியர்ஸ் ஃபவுண்டேஷன் நண்பர்களுக்கும், அதிலும் இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற டேண்டம் சைக்கிளில் முன் சீட்டில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடிக்கிறவர்களுக்கும் வணக்கம்.

நான் உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. பதினோராவது வயதில் எனக்குப் பார்வை முழுவதுமாகப் போய்விட்டது. நீங்கள் புனேயில் இருக்கிறீர்கள், உங்களில் பலருக்குத் தமிழ் தெரிந்திருக்காது, ஆனாலும் தமிழில்தான் எழுதுகிறேன், யாராவது படித்துச் சொல்லிவிடுவார்கள் என்ற நம்பிக்கைதான். நான் கேட்கப்போவதே தமிழில் ஆக வேண்டிய ஒரு காரியம். தவிர, உங்களோடு சேர்த்து இதைப் படிக்க வேண்டியவர்கள் எங்கள் ஊர்களிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் என் சைக்கிள் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது வயதில் அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டேன். பாருக்குக் கீழே வலது காலை நுழைத்து, இடுப்பை ஒரு பக்கமாக வளைத்து, சீட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அரைச் சுற்று அரைச் சுற்றாக மிதித்து எங்கள் வீதியிலிருந்து பால் சொசைட்டி வரைக்கும் போய் வருவேன். கால் எட்டி முழுப் பெடலுக்கு மாறுவதற்குள் கண் போய்விட்டது. அதற்கப்புறம் அப்பா காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, ஃப்ரீவீல் சத்தம் என் காதில் விழக்கூடாது என்று பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடியே தெருமுனை வரை நடந்துபோய், அங்கேதான் ஏறுவார். எனக்கு அது தெரியும் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது.

பிளஸ் ஒன் படித்தபோது அரசு கொடுத்த இலவச சைக்கிள் எனக்கும் வந்தது. மைதானத்தில் வரிசையாக நிறுத்திவைத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். என் பெயருக்கும் ஒன்று. சீட்டில் பாலித்தீன் உறை பிரிக்காமல் இருந்தது. பெல்லை ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். நான்கு வருடம் அதைத் தம்பி ஓட்டினான்.

வேலைக்கு வந்த பிறகு, பள்ளிச் சுற்றுலாவில் கொடைக்கானல் போயிருந்தோம். ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் ரோடு, அங்கே டபுள் சைக்கிள் வாடகைக்கு விடுவார்கள். எங்கள் பள்ளி டீச்சர் ஒருவர், என்மேல் உயிரையே வைத்திருக்கிறவர், "வாங்க டீச்சர், நான் முன்னாடி உக்காந்துக்கறேன்" என்று கூட்டிப்போனார். முதல் ஐந்து நிமிஷம் எனக்கு அழுகையே வந்துவிட்டது. காலுக்குக் கீழே பெடல் சுற்றுகிறது, காற்று முகத்தில் அடிக்கிறது, தைல மர வாசனை, குதிரைச் சாணி வாசனை, சோளம் சுடுகிற வாசனை எல்லாம் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வருகிறது, நடந்து போகும்போது ஒரு வாசனை போய் இன்னொன்று வர எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்வையற்ற எல்லோருக்கும் தெரியும், இது அப்படி இல்லை. அப்புறம் ஒரு வேகத்தடை. அவர் பார்த்தார், மிதிப்பதை நிறுத்தினார், பிரேக்கைப் பிடித்தார், ஆனால் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. நான் முழு வேகத்தில் மிதித்துக்கொண்டிருந்தேன். பெடல் திடீரென்று நின்றது, சீட் எகிறியது, அடுத்து எனக்கு நினைவில் இருப்பது தாடையில் தார் ரோட்டின் சொரசொரப்பு.

மூன்று தையல். அந்த டீச்சர் அன்று ராத்திரி முழுக்க அழுதார். இன்றுவரை என்னைத் தன் ஸ்கூட்டியில்கூட ஏற்றிக்கொள்ள மாட்டார், பயம். ஊருக்குத் திரும்பியதும் பெரியவர்கள் எல்லோரும் பேசிவைத்ததுபோல ஒன்றையே கேட்டார்கள்: "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?"

ஆறு வருடம் கழித்துக் கோவையில் இன்னொருவரோடு ஓட்டினேன். அவர் ஒரு பேங்க் ஊழியர், பெண். புனேயில் வேலை பார்த்த காலத்தில் பார்வையற்றவர்களோடு டேண்டம் ஓட்டிப் பழகியவர், உங்கள் அமைப்பின் பெயரை எனக்கு முதலில் சொன்னதும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணி, சிறுவாணி ரோடு. ஏறுவதற்கு முன்னால் அரைமணி நேரம் சைக்கிளை எனக்குக் காட்டினார், அதாவது என் கையைப் பிடிக்காமல், நானே தடவிப் பார்க்கவிட்டு, ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். முன் பெடலையும் பின் பெடலையும் சேர்க்கிற செயின் இடது பக்கம் ஓடுகிறது. அதனால் இரண்டு பேர் காலும் ஒரே சமயத்தில்தான் சுற்றும், அவர் நிறுத்தினால் என் காலும் நின்றே ஆக வேண்டும். கொடைக்கானலில் எனக்கு என்ன ஆனது என்று அந்த நிமிஷம்தான் புரிந்தது. ஆறு வருடமாக நான் தடுமாறியதால் விழுந்தேன் என்றே நினைத்திருந்தேன்.

அவர் சைக்கிளைக் காலுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து நின்றுகொண்டார். நான் ஏறி இரண்டு காலையும் பெடலில் வைத்தேன். "வலது பெடல் மேல வருது. ஒண்ணு, ரெண்டு, மூணு." கிளம்பிவிட்டோம். அப்புறம் வழி நெடுக சின்னச் சின்னச் சொற்கள்தான். "மேடு, எந்திரிங்க." "மிதிக்க வேண்டாம், இறக்கம்." "கியர் மாத்தறேன், லேசா விடுங்க." "வலது பக்கம் சாயறோம்." "நிறுத்தறேன், இடது கால் கீழ." ஒவ்வொன்றும் அந்த விஷயம் நடப்பதற்கு இரண்டு மூன்று நொடி முன்னால் வந்தது. நடந்த பிறகு வரவில்லை, ரொம்ப முன்கூட்டியும் வரவில்லை. ரோடு நன்றாக இருந்தபோது பேசாமல் இருந்தார். பேரூர் தாண்டி, மாதம்பட்டி தாண்டிப் போகப்போக, பாக்குத் தோப்பு வருகிறது என்று அவர் சொல்வதற்கு முன்பே என் முகம் குளிர்ந்து தெரிந்துகொண்டது, "தோப்பு வந்துருச்சா?" என்று நான் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். ஆலாந்துறையில் நிறுத்தி டீ குடித்தோம். என் தொடை நடுங்கிக்கொண்டிருந்தது, பயத்தில் இல்லை, மிதித்த களைப்பில். அப்படி ஒரு களைப்பு எனக்கு ஒன்பது வயதுக்கு அப்புறம் அன்றுதான் கிடைத்தது.

இரண்டு தடவையும் சைக்கிளில் பெரிய வித்தியாசம் இல்லை. என் தைரியமும் அதேதான், சொல்லப்போனால் கோவையில் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. முன்னால் இருந்தவருக்கு ஒரு தொழில் தெரிந்திருந்தது. உங்களுக்கு நான் எழுதுவது அந்தத் தொழிலைப் பற்றித்தான்.

உங்கள் நிறுவனர் திவ்யான்ஷு கணாத்ரா அவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். பத்தொன்பது வயதில் கிளாகோமா என்ற கண் நோயால் பார்வை இழந்தவர், 2014-இல் தனியாகப் பாராகிளைடரில் பறந்த முதல் பார்வையற்ற இந்தியர், அதே வருடம் உங்கள் அமைப்பையும் தொடங்கியவர், 2016-இல் மணாலியிலிருந்து லடாக்கில் இருக்கிற கர்துங் லா கணவாய் வரை டேண்டம் சைக்கிளில் போனவர். 500 கிலோமீட்டருக்கு மேல், கடைசி ஏற்றம் 17,500 அடியைத் தாண்டி. சமவெளியில் இருபத்தைந்து கிலோமீட்டர் மிதித்து விட்டு இரண்டு நாள் நடக்க முடியாமல் இருந்தவள் நான், அதனால் அந்த எண்கள் எனக்கு வெறும் எண்களாகக் கேட்கவில்லை. ஆனால் உங்களிடம் எனக்கு அதைவிடவும் பிடித்த ஒன்று உண்டு. மாற்றுத்திறனாளிகளைத் தனியாக ஒரு கூட்டமாகச் சேர்த்து மலைக்குக் கூட்டிப்போய் ஃபோட்டோ எடுத்து அனுப்பிவைக்காமல், மற்றவர்களோடு கலந்து ஒரே சைக்கிளில், ஒரே கூடாரத்தில் இருக்கவைக்கிறீர்கள். எனக்கு உதவி செய்ய வந்தவரோடு எனக்கு நட்பு வந்ததே கிடையாது. என்னோடு சேர்ந்து மூச்சு வாங்கியவரோடு ஆலாந்துறை டீக்கடையில் ஒரே மணி நேரத்தில் வந்துவிட்டது.

பத்தாம் வகுப்புக்கு இமயமலைக் கணவாய்கள் நடத்தும்போது பிள்ளைகள்தான் வரைபடத்தைப் பார்த்து எனக்குச் சொல்வார்கள், நான் கதை சொல்வேன். ஷிப்கி லா வரும்போது, அது இருக்கிற கின்னௌர் மாவட்டத்துக்காரரான சோன்சின் ஆங்மோவைப் பற்றிச் சொன்னேன். எட்டு வயதில் பார்வையை இழந்தவர், யூனியன் பேங்கில் வேலை பார்க்கிறவர், 2025 மே 19 அன்று எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் பார்வையற்ற பெண். வகுப்பே கைதட்டியது. கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், கூட யாருங்க போனாங்க?"

அவன் அவரைக் குறைத்துக் கேட்கவில்லை. அடுத்த கேள்வியிலேயே தெரிந்தது. "அவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க, எப்படிக் கூட்டிட்டுப் போகணும்னு?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. பேப்பரில் வருகிற செய்திகளில் அது இருப்பதில்லை. "முதல் பார்வையற்றவர்" என்று தலைப்பு வரும், தன்னம்பிக்கை என்ற சொல் வரும், அதோடு முடிந்துவிடும். தன்னம்பிக்கை எங்களிடம் போதுமான அளவு இருக்கிறது. தினமும் காலையில் பஸ் நம்பரை முன்பின் தெரியாதவரிடம் கேட்டு ஏறி, நடுரோட்டில் இறங்கி, சாக்கடை மூடி இல்லாத தெருவில் கோலை ஊன்றிப் பள்ளிக்கூடம் போகிறவளுக்குத் தன்னம்பிக்கைப் பாடம் வேண்டியதில்லை. பக்கத்தில் வருகிறவருக்கு என்ன சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும், எங்கே தொடலாம், எங்கே தொடக்கூடாது என்று தெரிந்திருப்பதுதான் எங்கள் ஊரில் கிடைக்காத பொருள்.

அமெரிக்காவைச் சேர்ந்த பார்வையற்ற மலையேறுபவர் எரிக் வைஹன்மேயர் 2001 மே 25 அன்று எவரெஸ்ட் ஏறியபோது, முன்னால் போகிறவரிடம் கட்டியிருந்த மணியின் சத்தத்தைக் கேட்டே நடந்தார் என்று படித்தபோது எனக்கு எங்கள் ஊர் ஆட்டு மந்தைதான் ஞாபகம் வந்தது. ஒரு மணி. அவ்வளவு எளிய பொருள். ஆனால் அந்த மணியைக் கட்டிக்கொண்டு நடக்கிறவர் எந்த இடத்தில் நின்று திரும்பிக் குரல் கொடுக்க வேண்டும் என்பது எளிதில்லை, அதை அவர்கள் வருடக்கணக்கில் சேர்ந்து மலையேறித்தான் கற்றிருப்பார்கள்.

2004-இல் நடந்த இன்னொன்று இதைவிடவும் என் மனதில் நிற்கிறது. திபெத்தின் லாசாவில் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய சப்ரியே டென்பெர்க்கன், அவரும் பார்வையற்றவர்தான், தன் மாணவர்களில் ஆறு பேரை வைஹன்மேயரின் குழுவோடு எவரெஸ்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற லக்பா ரிக்கு அனுப்பிவைத்து, தானும் கூடப் போனார். ஏழாயிரம் மீட்டர் உயரமுள்ள சிகரம். வழியில் சில பிள்ளைகளுக்கு உயரத்தால் உடம்பு முடியாமல் போனது. உச்சிக்குப் போவதா, எல்லோரும் சேர்ந்து இருப்பதா என்று பெரியவர்களுக்குள் விவாதம் வந்தது. கடைசியில் உச்சியைத் தொடாமல் திரும்பினார்கள். ஒரு ஆசிரியையாக எனக்கு டென்பெர்க்கன் பக்கம்தான் மனம் போகிறது. பிள்ளைகளுக்குப் பனியைக் கையால் தொட்டதும், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நடந்ததும் போதும். அவரும், அந்தப் பள்ளியை அவரோடு சேர்ந்து நடத்திய பால் க்ரோனென்பெர்க்கும் பிற்பாடு எங்களுக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரம் வெள்ளாயணி ஏரிக்கரையில், சமூக மாற்றத்துக்காக உழைக்க வருகிறவர்களுக்குக் கந்தாரி என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார்கள் என்பது தெரிந்து அன்று ரொம்ப சந்தோஷப்பட்டேன்.

நார்வேயிலும் ஒருவர் இதைச் செய்து காட்டியிருக்கிறார். எர்லிங் ஸ்டோர்டால் என்ற பார்வையற்ற இசைக்கலைஞர். 1964-இல் பெய்டோஸ்டோலன் என்ற ஊரில் பார்வையற்றவர்களுக்கான பனிச்சறுக்குப் பந்தயத்தைத் தொடங்கினார். அதைப் பார்த்து அமெரிக்காவில் 1975-இல் ஸ்கி ஃபார் லைட் என்ற அமைப்பு வந்தது. அங்கே ஒரு பார்வையற்றவருக்கு ஒரு வழிகாட்டி, ஒரு வாரம் முழுக்க அதே இரண்டு பேர்தான், இணையாகப் போட்ட இரண்டு பனித்தடங்களில் பக்கத்தில் பக்கத்தில். புதிதாக வருகிற வழிகாட்டிக்கு முதலில் பயிற்சி. அரை நூற்றாண்டாகத் தன்னார்வலர்களை வைத்தே இதை நடத்துகிறார்கள் என்றால், வழிகாட்டுவது ஏதோ சிலருக்கு மட்டும் வாய்த்த பெரிய மனசு இல்லை, யாருக்கும் சொல்லிக் கொடுத்துவிடக்கூடிய வேலைதான் என்று ஆகிறது, இல்லையா? என் கொடைக்கானல் டீச்சருக்கு மனசில் ஒரு குறையும் இல்லையே.

சரி, இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

முன் சீட்டில் ஓட்டுகிற உங்கள் கேப்டன்களுக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுங்கள். பேசியே பதிவு செய்து கொடுத்தாலும் போதும். பின் சீட்டில் இருப்பவரிடம் எதை எப்போது சொல்ல வேண்டும், நெரிசலில் எப்படி, இறக்கத்தில் எப்படி, பயந்து உடம்பை இறுக்கிக்கொண்டவரோடு எப்படி, விழுந்துவிட்டால் முதலில் எங்கே தொட வேண்டும், என்ன பேச வேண்டும். மலைப்பாதையில் ஒற்றையடியாகப் போகும்போது முதுகுப்பையைப் பிடிக்கவைப்பதா, ஒரே கம்பை இரண்டு பேரும் பிடித்துக்கொள்வதா, "கல்" என்று மட்டும் சொல்வதா, "முட்டி உயரத்துக்குக் கல், இடது பக்கம் சரிவு" என்று சொல்வதா. இதெல்லாம் உங்களுக்குச் சாதாரணம், ஓட்டி ஓட்டிப் பழகிப்போனது, எழுதவேண்டும் என்றே தோன்றாது. நீங்கள் ஹிந்தியிலோ மராத்தியிலோ ஆங்கிலத்திலோ கொடுங்கள், தமிழில் ஆக்குவது என் பொறுப்பு. எனக்குத் தெரிந்த ஆசிரியர்கள் ஐந்து பேர் உட்காரத் தயாராக இருக்கிறோம், அதில் மூன்று பேர் பார்வையற்றவர்கள். தமிழில் இந்தக் குறுஞ்சொற்களுக்கு ஒரு பழக்கம் இன்னும் உருவாகவில்லை. "ஸ்பீட் பிரேக்கர் வருதுங்க டீச்சர்" என்று மரியாதையோடு முழு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் வேகத்தடை வந்துவிடும். "மேடு" என்றால் போதும் என்று நாங்கள் ஓட்டி ஓட்டித்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, பெண்கள். இதை நேராகவே சொல்கிறேன். ஏற்றத்தில் கை கொடுக்கிற சாக்கில், தூக்கிவிடுகிற சாக்கில், எங்களைக் கேட்காமல் பிடிக்கிற கைகளைப் பற்றி ஒவ்வொரு பார்வையற்ற பெண்ணுக்கும் சொல்ல ஒரு கதை இருக்கும். நல்ல எண்ணத்தோடு பிடிக்கிறவர்களும் உண்டு, அவர்களுக்கும் தெரிவதில்லை. "என் முழங்கையைப் புடிச்சுக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தன் கையை நீட்டுவதற்குப் பதில், எங்கள் கையைப் பற்றி இழுக்கிறார்கள். பெண் கேப்டன்கள் இருந்தால் எங்கள் பக்கத்து வீடுகளில் பிள்ளைகளை அனுப்புவார்கள், இல்லாவிட்டால் அனுப்ப மாட்டார்கள், விஷயம் அவ்வளவுதான். உங்களிடம் ஓட்டுகிற பெண்கள் இரண்டு பேர் இங்கே வந்து ஒரு சனி ஞாயிறு எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தால், கர்துங் லா வரை ஒரு பயணம் நடத்துகிற செலவில் எத்தனையோ ஊர்களுக்கு வரலாம். கர்துங் லா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தச் செய்தி வராமல் இருந்திருந்தால் எனக்கு உங்களையே தெரிந்திருக்காது. ஆனால் 2011 கணக்கெடுப்பில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் நாட்டில் 50 லட்சம் பேர். அதில் முதல் ஆளாக வர எனக்கு ஆசை இல்லை. நூறாவது ஆளாக, ஆயிரமாவது ஆளாக, யாரும் ஃபோட்டோ எடுக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் ரோட்டில் ஓட்டவேண்டும்.

சட்டமும் எங்கள் பக்கம் இருக்கிறது. 2016-ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 29-ஆவது பிரிவு. பண்பாடு, பொழுதுபோக்கு பற்றிய பிரிவு அது. சாரணர் இயக்கம், நடனம், ஓவிய வகுப்பு, வெளிப்புற முகாம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, சாகச நடவடிக்கைகள் என்றும் எழுதியிருக்கிறது. அரசும் உள்ளாட்சிகளும் மாற்றுத்திறனாளிகள் அதில் பங்கேற்க வழிசெய்ய வேண்டும் என்கிறது. இதை முதல் தடவை வாசிக்கக் கேட்டபோது நிறுத்தி மறுபடி கேட்டேன். பென்ஷன், பஸ் பாஸ், வேலை ஒதுக்கீடு இதற்கெல்லாம் போராடிப் போராடி, விளையாடுவதும் சட்டத்தில் எழுதிய உரிமை என்பதே எங்களில் பலருக்குத் தெரியாமல் போயிற்று. மலைப்பகுதி ஒன்றில் நடக்கப் போகலாம் என்று நான் ஒருமுறை விசாரித்தபோது, அங்கிருந்தவர் அன்பாகத்தான் சொன்னார், "பொறுப்பு யாரும்மா ஏத்துக்கறது?" என்று. அன்றைக்கு என்னிடம் இந்தப் பிரிவின் நம்பர் இல்லை.

அவர் பயத்தையும் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் போன உயிர்களை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மலை விளையாட்டுப் பொருள் கிடையாது. அதனால்தான் பயிற்சி பற்றியே திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 2024 அக்டோபரில் எங்கள் வனத்துறை ட்ரெக் தமிழ்நாடு என்று 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது, மலையிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். எங்கள் பக்கம் சின்னாறு செக்போஸ்ட்டிலிருந்து கூட்டாறு வரை ஒரு பாதை. காட்டில் கண்ணைவிடக் காதை நம்பி நடக்கிறவர்கள் அவர்கள், சருகுச் சத்தத்தில் என்ன விலங்கு என்று சொல்லிவிடுவார்கள் என்பார்கள். பார்வையற்றவரோடு நடக்க அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் யார்? ஒரே ஒரு நாள், முழங்கை, கம்பு, "முட்டி உயரக் கல்", இவ்வளவு சொல்லிக் கொடுத்தால் போதும், மீதியை அவர்கள் நமக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். வனத்துறையிடம் இதைக் கேட்டு நாங்கள் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். பத்து வருடத்துக்கு மேல் இதையே செய்கிற உங்கள் கடிதம் ஒன்று அதோடு சேர்ந்து போனால் அதற்குக் கனம் கூடும்.

இவ்வளவு அவசரமாக நான் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. என் பள்ளியில் எட்டாம் வகுப்பில் ஒரு பெண், கண் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, மருத்துவர்கள் நிற்காது என்று சொல்லிவிட்டார்கள். கெட்டிக்காரப் பெண். போன மாதம் வரை சைக்கிளில் வந்தாள். இப்போது அவள் அப்பா கொண்டுவந்து விடுகிறார். மத்தியானம் சாப்பிடும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள் போல, குரல் கீழே போயிருந்தது: "டீச்சர், நீங்க கோயமுத்தூர்ல ஓட்டுனீங்களே, அது பின்னாடி உக்காந்தா நம்மளும் மிதிக்கணுமா, சும்மா உக்காந்துக்கணுமா?" மிதிக்கணும், ரெண்டு பேரும் மிதித்தால்தான் ஏற்றம் ஏறும் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்படின்னா சரிங்க டீச்சர்" என்றாள்.

அவளுக்கு இன்னும் கொஞ்சம் பார்வை இருக்கிறது. அது இருக்கும்போதே பின் சீட்டுப் பழகிவிட்டால், போன பிறகு எனக்கு ஆனதுபோல இருபது வருடம் வீணாகாது. வீட்டில் யாரும் பின் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டி வராது.

நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. எங்கள் பி.டி. டீச்சர் கேப்டனாக முன்வந்திருக்கிறார், மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிற அக்கா ஒருவர், காலேஜில் படிக்கிற இரண்டு பெண்கள். தலைமையாசிரியர் பழைய ஸ்டோர் ரூமைச் சைக்கிள் நிறுத்தத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். ரோடும் பார்த்துவைத்திருக்கிறோம், உடுமலையிலிருந்து தளி வழியாகத் திருமூர்த்திமலை, போக இருபது கிலோமீட்டர், பாதி தூரத்துக்கு மேல் தென்னந்தோப்பு. ஆடி மாதம் மட்டும் வேண்டாம், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று சைக்கிளை ஆளோடு தள்ளிவிடும், அதற்குத்தானே இங்கே இத்தனை காற்றாலை. ஆவணி பிறந்தால் நல்லது.

சைக்கிள் இன்னும் கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் நாற்பது வருடமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிற அண்ணன் ஒருவர், இரண்டு பழைய சைக்கிளை வெட்டி ஒட்டி ஒன்றாக்கித் தருகிறேன் என்கிறார். என் இலவச சைக்கிளும் அதில் ஒன்று, தம்பி வீட்டுப் பரணில் இருந்து இறக்கிக் கொண்டுவந்துவிட்டான், பெல் இன்னும் அடிக்கிறது. வெட்டி ஒட்டிய ஃபிரேம் இரண்டு பேர் கனத்தை இறக்கத்தில் தாங்குமா, அதற்குப் பிரேக் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குப் பயம் இருக்கிறது, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுங்கள், பணம் சேர்த்துப் புதிதாக வாங்குகிறோம். முடியும் என்றால், அவர் கேட்கச் சொன்னது இதுதான்: முன் பெடலையும் பின் பெடலையும் சேர்க்கிற அந்த இடது பக்கச் செயின் நாளாக நாளாகத் தளர்ந்துபோனால் எதை நகர்த்தி இறுக்குவது? தினமும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கடை வாசலில் நிறுத்திக் கேட்கிறார், "புனேலருந்து பதில் வந்துச்சா டீச்சர்?" என்று. அதை மட்டும் முதலில் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு சமூக அறிவியல் ஆசிரியை